கொயினாக்காரன் ஆதம்பாவா

ஆதம்பாவாவுக்கு அந்த வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், அவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருந்ததுதான். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் மன்னார்த் தீவில் ஒரு சாமான் கடையில் நின்ற காலத்தில், முதலாளியின் சைக்கிளைத் துடைக்கிற சாக்கில் உருட்டி, உருட்டுகிற சாக்கில் ஏறி, தாழ்வுபாட்டுக் கடற்கரை மணலில் பலமுறை விழுந்து பழகியிருந்தான். அருவியாற்றங்கரையில் இருந்த சின்ன மருந்துச்சாலைக்கு அரசாங்கம் ஒரு சைக்கிளைக் கொடுத்தபோது, அதை ஓட்டத் தெரிந்தவனாக அந்தப் பக்கத்தில் அவன் ஒருவன்தான் இருந்தான். அப்போது அவனுக்கு முப்பத்துமூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை.

வேலை இதுதான். காலையில் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினாக் குளிசைத் தகரத்தைக் கரியரில் கட்டிக்கொண்டு, ஆற்றின் தென்கரையோடு போகும் கிறவல் பாதையில் மைல்கல் எண்ணிப் பதினொரு கட்டை ஓடவேண்டும். இடையில் மூன்று ஊர், முடிவில் மருதங்கட்டு. காய்ச்சல்காரர்களுக்குக் குளிசை கொடுத்து, பதிவில் அவர்கள் பேருக்கு நேரே புள்ளடி போட்டுவிட்டுத் திரும்பவேண்டும். பாதை தட்டை. ஏற்றம் என்று சொல்ல ஒரு மதகு மட்டும் இருந்தது. ஒரு பக்கம் மருத மரங்களும் ஆறும், மறுபக்கம் வயல். நெல் வண்டிகள் போகிற காலத்தில் மணியடித்து ஒதுங்கி ஓடவேண்டியிருக்கும். மற்றக் காலங்களில் சங்கிலியின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் காதில் விழாது. மருதங்கட்டுச் சனம் அவனைக் கொயினாக்காரன் என்று கூப்பிட்டது. அவனுக்கு அதில் வருத்தம் இல்லை.

அந்த வேலையை அவன் விட்டுவிடாமல் வைத்திருந்ததற்குக் காரணம், பாதையின் முடிவில் அவனுடைய தங்கச்சி உம்மு குல்சூம் இருந்தாள் என்பது. உம்மாவும் வாப்பாவும் ஒரே வருடத்தில் மௌத்தாகிவிட, எட்டு வயதில் இருந்து அவளை வளர்த்தவன், அவள் நானா என்று கூப்பிடும் இந்த அண்ணன்தான். மருதங்கட்டில் கட்டிக்கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை தலைமன்னார்த் துறையில் மூட்டை ஏற்றப் போனவன், பெருநாளுக்குத்தான் வருவான். மாமியார் பாத்தும்மாவோடு அவள் இருந்தாள். அவளைத் தவிர ஆதம்பாவாவுக்கு இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலில் மழை பொய்த்தது. ஐப்பசியில் ஓடவேண்டிய ஆறு குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. குட்டைகளில் இருந்து நுளம்பு எழும்பியது. கார்த்திகைக் கடைசியில் நாலு ஊரும் காய்ச்சலில் படுத்துவிட்டன. வயலுக்கு ஆள் இறங்கவில்லை. வண்டி பூட்ட ஆள் இல்லாமல் மாடுகள் அவிழ்த்து விடப்பட்டிருந்தன. ஆதம்பாவா பதினொரு கட்டையும் ஒரு மனிதரைக் காணாமல் ஓடிப் போய்ச் சேர்ந்த நாட்கள் உண்டு. வெறும் பாதையில் ஓடுவது அவனுக்கு எப்போதும் பிடிக்கும். இப்போது மதகடியில் யாருமில்லாமலே ஒருமுறை மணியடித்துப் பார்த்துவிட்டு மிதித்தான்.

மார்கழியில் நோன்பு பிறந்தது.

மருந்துச்சாலைக்குப் பொறுப்பாக இருந்த சிங்கராசா யாழ்ப்பாணத்து மனிதர். பகிடி விடாமல் ஒருவரையும் வேலைக்கு அனுப்பமாட்டார்.

“என்ன ஆதம்பாவா, சைக்கிளும் நோன்போ? பின் சில்லு வயிறு ஒட்டிக் கிடக்கு.”

“விடியச் சஹர்ச் சாப்பாட்டுக்கு அதை எழுப்ப மறந்திட்டன் ஐயா.”

“சிரிக்காதை. சொன்னதை மறந்திடாதை. உன்ர கண்ணுக்கு முன்னால விழுங்க வேணும். கையில குடுத்திட்டு வந்தால் கசப்புக்குப் பயந்து கோழிக்குப் போட்டிடுவினம்.”

மருதங்கட்டில் முதல் வீட்டிலேயே அது நடக்கவில்லை. குமரும் கிழமும் நோன்பென்று வாயைத் திறக்க மறுத்தார்கள். காய்ச்சலில் கிடப்பவருக்கு நோன்பு கட்டாயமில்லை என்று அவன் சொல்லிப் பார்த்தான். அது அவர்களுக்கும் தெரிந்ததுதான். பாத்தும்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்:

“தம்பி, நீங்க தண்ணி வென்னி குடிச்சிட்டோ வந்தனீங்க?”

“இல்லை மாமி. நோன்பு.”

“பதினொரு கட்டை சைக்கிள் மிதிச்ச ஆம்பிளைக்கு நோன்பு. பாயில படுத்திருக்கிற எங்களுக்கு இல்லையாக்கும்.”

உள்ளே குல்சூம் சிரிக்கிற சத்தம் கேட்டது.  பொழுதுபட்டு வாங்கு சொன்னதும், நோன்பு திறந்து விழுங்குவோம் என்று எல்லாரும் அல்லாஹ்வை முன்வைத்துச் சொன்னார்கள். அவன் கையில் கொடுத்துவிட்டு, விழுங்கியதாகப் புள்ளடி போட்டான். மறுநாளும் அப்படித்தான். இருபது நாள் அப்படியே போனது.

குல்சூமுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்தது. பதினைந்தாம் நோன்புக்குப் பிறகு கண் மஞ்சளித்தது. வளையல் முழங்கைவரை ஏறியது. மருந்து உள்ளே போகிறதுதானே, இனித் தணியும் என்று அவன் திரும்பி வரும் பாதையெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான்.

இருபத்தோராம் நோன்பன்று, மருதங்கட்டை விட்டுப் புறப்பட்ட கையோடு, விடத்தல் முள் ஏறிச் சில்லில் காற்றுப் போனது. குளிசைகளைக் கொடுத்து முடித்திருந்தான். தகரம் வெறுமையாகக் கிடந்தது. ஒட்டுப் போட்டு முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குத் திரும்பி வந்தான். பள்ளிக் கஞ்சியைக் காய்ச்சி ஊருக்கெல்லாம் அளப்பவன் சனூன். அவன் ஒரு கோப்பைக் கஞ்சியை நீட்டினான்.

ஒரு வாய் குடித்ததும் ஆதம்பாவாவின் முகம் கோணியது.

“வெந்தயம் கருகிப் போச்சோ சனூன்?”

“வெந்தயமில்லை நானா. உங்கட மருந்து.” சனூன் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னான். “முதல் நோன்பில இருந்து போடுறம். உங்கட பதிவில பதினேழு பேர். ஊரில காய்ச்சல் இல்லாத வீடு எது? பதினேழு பேர் விழுங்க மற்றவை பார்த்துக்கொண்டிருக்கிறதோ? கஞ்சி எடுக்க ஏனத்தைக் குடுத்தனுப்பேக்க குளிசையையும் குடுத்தனுப்புவினம். அரைச்சுக் கஞ்சிக் கிடாரத்தில போட்டால் எல்லாருக்கும் பொதுவாப் போகும். அல்லாட பறக்கத்து.”

“ஆர் சொன்னது இப்பிடிச் செய்யச் சொல்லி?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கட தங்கச்சிதான் முதல் நாள் தன்ர ரெண்டையும் தந்து விட்டவ. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேரட்டும் எண்டு. பிறகு எல்லாரும் தந்தினம்.”

பதினேழு பேருக்கே போதாத மருந்து நூற்றைம்பது பேருக்குப் பங்குபோயிருந்தது. ஆதம்பாவா கோப்பையைக் கீழே வைத்தான். ஒருவரும் பொய் சொல்லவில்லை. வாங்கு சொன்னதும் எல்லாரும் குடித்துத்தான் இருந்தார்கள். பொய் இருந்தது அவனுடைய பதிவில்.

அன்றிரவே மருந்துச்சாலைக்குப் போய்ச் சிங்கராசாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். சிங்கராசா பகிடி விடவில்லை. பதிவைப் புரட்டிப் புள்ளடிகளைப் பார்த்தார். “ஊராக்களோட பிறகு நான் வந்து கதைக்கிறன்,” என்றார். “உன்ர தங்கச்சிக்குக் கண் மஞ்சளிச்சிட்டுது எண்டால் பின்னேரம்வரை பார்த்துக்கொண்டிராதை. காலமை ரெண்டு, மத்தியானம் ரெண்டு, இரவு ரெண்டு. விழுங்கப் பண்ணு.”

மறுநாள் வெயில் ஏறுமுன் அவன் அவளுடைய பாயருகே இருந்தான். அவளுக்குக் குளிர் விட்டு, சூடு ஏறிக்கொண்டிருந்தது.

“இருபத்தொன்று முறியாமல் பிடிச்சிட்டன் நானா. இப்ப கொண்டுவந்து முறிக்கச் சொல்லுறியள்.”

“விழுங்கு குல்சூம்.”

“பொழுதுபட மஃரிபுக்கு விழுங்கிறன். நீங்க இருந்து பாருங்கோ. இனிக் கிடாரத்துக்குக் குடுக்கமாட்டன்.”

“மஃரிபுவரை தாங்காது.”

“நீங்களும் பிடிச்சுக்கொண்டுதானே இருக்கிறியள்.”

மூலையில் மூடியிருந்த மண்குடத்தை ஆதம்பாவா பார்த்தான். எழுந்து போய், சிரட்டையில் தண்ணீர் மொண்டு, அவளுக்கு முன்னால் நின்று குடித்தான். ஏழு வயதில் இருந்து ஒரு நோன்பு விட்டவனில்லை. தண்ணீர் தொண்டையில் இறங்குவது அவனுக்கே கேட்டது. பாத்தும்மா கதவடியில் நின்றவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.  குல்சூம் கையை நீட்டினாள்.

“இப்ப ரெண்டு பேருக்கும் நோன்பு இல்லை,” என்றாள். சிரிக்கப் பார்த்தாள்.

நாலு நாள் அப்படிப் போனது. காலையில் ஒருமுறை, மத்தியானத்துக்கு மேல் ஒருமுறை என்று அவன் பாதையின் இரண்டு முனைக்கும் ஓடினான். இரவுக் குளிசையைத் தாளில் மடித்து அவளுடைய கையிலேயே வைத்துவிட்டு வருவான். ஒவ்வொரு காலையும் அவள் கண்முன்னால் முதலில் தண்ணீர் குடித்தான். இல்லாவிட்டால் அவள் வாய் திறக்கமாட்டாள். காது அடைக்கிறது என்றாள். மருந்து பிடிக்கத் தொடங்கிவிட்டது, அதுதான் அடைக்கும் என்று அவன் சொன்னான். இருபத்தைந்தாம் நோன்பின் மத்தியானம் அவள் ஆளை மறந்து பேசினாள். பின்னேர அஸர்த் தொழுகைக்கு வாங்கு சொல்லுமுன் மூச்சடங்கினாள். அவனுடைய கையில் இரண்டு குளிசை மிஞ்சியது.

மறுநாள் காலையில் குல்சூமின் மையத்தை அடக்கினார்கள். மாப்பிள்ளைக்கு ஆள் அனுப்பியிருந்தும் வந்து சேரவில்லை. காய்ச்சலோடு எழும்பி வந்தவர்கள்தான் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள்; நாற்பது அடிக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டியிருந்தது. ஒருவரும் ஆதம்பாவாவைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பாத்தும்மா பெண்களுக்கு நடுவில் சொன்னது வேலிக்கு அப்பால் கேட்டது. “பிள்ளை நோன்போட போயிருக்கலாம். அதையும் பறிச்சுப்போட்டு அனுப்பியாச்சு.”

அன்று பின்னேரம் சிங்கராசா வாடகை வண்டி பிடித்து வந்து, பள்ளி வாசலில் நின்று பேசினார். பள்ளியில் தொழுவிக்கும் அப்துல் ஹமீட் லெப்பை அதையே மார்க்கத்தின் சொல்லில் திருப்பிச் சொன்னார். அடுத்த நாளில் இருந்து பதிவில் ஊர் முழுக்க இருந்தது. பகலிலும் சனம் வாயைத் திறந்தது. பாத்தும்மாவும் விழுங்கினாள், விழுங்கும்போது அவனைப் பார்க்கவில்லை. கிடாரத்துக்கு ஒருவரும் ஒன்றும் கொடுத்தனுப்பவில்லை. அந்த மாதத்தில் மருதங்கட்டில் அதற்குப் பிறகு ஒரு மையத்துத்தான் விழுந்தது, அதுவும் ஒரு கிழவருடையது.

ஆதம்பாவா லெப்பையைத் தனியே கண்டு கேட்டான்.

“அவவின்ர நாலு நோன்பு?”

“வருத்தத்தில விட்டது. சுகமாகாமலே மௌத்தாயிட்டா. அவவில ஒரு கடமையும் இல்லை. மனசைப் போட்டு உழப்பாதை.”

“என்ர?”

லெப்பை தாடியைத் தடவினார். “நீ வருத்தக்காரன் இல்லையே. உன்ர நாலையும் நீ பிடிச்சுத் தீர்க்கவேணும்.”

“இன்னொராளின்ர பேருக்கு நான் பிடிச்சால்?”

“கடமை இல்லாத ஆளுக்கு எதுக்கு?” என்றார் லெப்பை. 

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் விட்ட நோன்பைப் பிடிக்கத் தொடங்கினான். சிங்கராசாவுக்குச் சொல்லவில்லை. ஊரெல்லாம் தின்று குடிக்கிற நாளில், தையின் எதிர்காற்றில், நாக்கு அண்ணத்தில் ஒட்ட மிதித்தான். முதல் நாலும் அவனுடையவை. ஐந்தாம் நாள் சஹருக்கு எழும்பி, நோன்பு பிடிக்கும் எண்ணத்தைச் சொல்லி நிய்யத்து வைக்கும்போது குல்சூமின் பேரைச் சொன்னான். அன்று மதகடியில், காய்ச்சல் பரவியபின் முதல்முறையாக, ஒரு நெல் வண்டி எதிர்ப்பட்டது. வண்டிக்காரன் கை காட்டினான். ஆதம்பாவா ஒதுங்கி வழிவிட்டான்.

மருதங்கட்டில் பாத்தும்மா வேலிப் படலையில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய காய்ச்சல் விட்டிருந்தது. பதிவில் இப்போது அவள் பேர் இல்லை. ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை, மறுகையில் கருப்பட்டித் துண்டு. அடக்கத்துக்குப் பிறகு அவள் அவனோடு பேசியதில்லை.

“தம்பி, காற்றுக்கு எதிரால மிதிச்சு வந்திருப்பியள். குடிச்சிட்டுப் போங்கோ.”

அவன் ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றான். நோன்பு என்று சொன்னால், யாருடைய நோன்பு என்று கேட்பாள். அதைச் சொன்னால், குல்சூம் நோன்புக் குறையோடு போனாள் என்று அவளுடைய வாசலிலேயே நின்று தானும் ஒத்துக்கொண்டதாகும். பொய்யாக ஒரு வாய் குடிக்கவும் முடியாது.

“வேண்டாம் மாமி.”

“சீனி இல்லை எண்டு பார்க்கிறியளோ?”

“அதில்லை.”

“பின்னை என்ன. இந்த வீட்டில கை நனைக்கமாட்டியள்.”

அவன் சைக்கிளை அடுத்த வீட்டுப் பக்கம் திருப்பினான்.  பாத்தும்மா தேத்தண்ணியை வேலியடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். கருப்பட்டித் துண்டு அவளுடைய கையிலேயே போனது.

ஆதம்பாவா அடுத்த வீட்டுக்கு மணியடித்தான். மறுநாள் அவன் வந்தபோது அந்தப் படலை கயிற்றால் கட்டி மூடியிருந்தது. குல்சூமின் பேரில் இன்னும் மூன்று நோன்பு இருந்தது.