யாரும் தொட்டுப் பாராத கத்திப்பிடி

1928ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, பினாங்கு டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு மாடி அறையில் ஆட்டிறைச்சி வணிகர் சங்கத்தார் கூடினர். மீரா சாகிப் என்னும் கசாப்புக் கடைக்காரரின் கத்திப்பிடி காட்டுப்பன்றியின் பல்லால் ஆனது என்றும், ஆகவே அவர் கையால் அறுபட்ட இறைச்சியை முஸ்லிம்கள் யாரும் வாங்கலாகாது என்றும் அங்கே தீர்மானித்தனர். அந்தக் கத்தி அதே அறையில், அவர்கள் உட்கார்ந்திருந்த பாயிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கிடந்தது. ஒருவரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. சங்கத்தின் மீதுள்ள குற்றச்சாட்டு இதுவே. பிடி பன்றியா மானா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் குற்றத்தின் கனம் தெரியும்.

மீரா சாகிப் பரங்கிப்பேட்டைக்காரர். 1911இல், பத்தொன்பது வயதில், கப்பலின் மேல்தட்டில் படுத்தபடி கடல் கடந்தவர். பினாங்குக் கரையை மிதிக்கும் முன் ஜெரெஜாக் தீவின் தடுப்பு முகாமில் எல்லோரையும் இறக்கி, தலையை மழித்து, அம்மை குத்தி அடைத்து வைத்தார்கள். அங்கே ஊற்றிய கஞ்சியில் உப்பில்லை. மீரா சாகிப் கைலி முடிச்சில் ஒரு பிடி கல்லுப்பு வைத்திருந்தார். பக்கத்தில் கிடந்த தஞ்சாவூர்ப் பக்கத்துக் கொல்லன் தங்கராஜு அந்த முடிச்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“என்ன பாக்குறே?” என்றார் மீரா சாகிப்.

“முடிச்சு அவுந்து கொட்டிடுமோன்னு காவல் காக்குறேன் அண்ணே.”

அந்த உப்பில் தொடங்கியது சிநேகம். தங்கராஜு தீவுக்கு எதிரே அக்கரையில் தாசேக் கெலுகோருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனான். பால்வெட்டும் கத்திகளைச் செய்யவும் செப்பனிடவும் அங்கிருந்த பட்டறை சில ஆண்டுகளில் அவன் பொறுப்புக்கு வந்தது. மீரா சாகிப் பசாரில் கூலிக்கு ஆடு உரித்து, பிறகு சொந்தமாகவே ஒரு கடை போட்டார். ஆடு பிடிக்க அக்கரைக்குப் போகும்போதெல்லாம் பட்டறை வாசலில் ஒரு குவளைக் காப்பி குடிக்காமல் திரும்பியதில்லை.

தொழிலில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஓர் ஆட்டின் கண் முன்னால் இன்னோர் ஆட்டை அறுக்கமாட்டார். ஆடு பார்க்கக் கத்தி தீட்டமாட்டார். அவர் கையில் ஆடு இரண்டாம் முறை உதைத்ததில்லை என்பார்கள். அதனால் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் பெரிய வீடுகளின் குர்பானி ஆடுகள் அவரிடம்தான் வந்து சேரும். சங்கத் தலைவரும், பசாரில் எல்லோரும் ‘தவுக்கே’ என்று அழைக்கும் பலசரக்கு மொத்த முதலாளியுமான ஷேக் அலாவுதீன் வீட்டு ஆடுகளும் அவற்றில் அடக்கம். பக்கத்துக் கடை நூர் முகம்மதுவிடம் மிஞ்சியவை போகும்.

1927இன் கடைசியில் ஒருநாள் தங்கராஜு மீரா சாகிபின் பழைய கத்தியை வாங்கிப் பார்த்தான். தீட்டித் தீட்டி அது ஈர்க்குச்சியாகத் தேய்ந்திருந்தது.

“இத வச்சு ஆடு அறுக்குறீங்களா, பல்லு குத்துறீங்களா?”

“ரெண்டும்தான்.”

“வெளிய சொல்லாதீங்க அண்ணே. என் சிநேகிதர்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்குலா.”

ஈரக் களிமண் உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்து, கத்தி பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடிக்கச் சொன்னான். விரல்கள் பதிந்த உருண்டையைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான்.

அடுத்த முறை போனபோது கத்தி ஆயத்தமாக இருந்தது. பழைய லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்து, தேங்காயெண்ணெயில் தோய்த்தெடுத்த இரும்பு. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வருமென்று சாக்கின் மேல் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னான். மீரா சாகிப் கத்தியின் கூர்வாயை நகத்தின்மேல் மெல்ல ஓட்டிப் பார்த்தார், எங்கும் தட்டவில்லை. மஞ்சள் பாரித்த வெள்ளைக் கொம்பில் பிடி. அவருடைய ஐந்து விரலுக்கும் ஐந்து இடம் அதில் இருந்தது. அதுவரை யாரும் அவருக்கென்று அளவெடுத்து எதையும் செய்து கொடுத்ததில்லை.

“என்ன கொம்பு இது?”

“மான். இந்த ஊர் ரூசா. எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க.”

அவர் கேட்கவில்லை. சிநேகிதன் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்பது அழகல்ல என்று நினைத்தார்.

கத்தியைப் பசாரில் எல்லோரும் மெச்சினார்கள். நூர் முகம்மது கூடுதலாகவே மெச்சினார். “காக்கா, எனக்கும் ஒண்ணு சொல்லி வைங்க” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார். பிறகு தாமே பட்டறைக்குப் போய்க் கேட்டார். “கொம்பு தீர்ந்துபோச்சு, மரப்பிடின்னா போட்டுத் தரேன்” என்று தங்கராஜு கையை விரித்துவிட்டான். அந்த வேளையில் பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் காட்டுப்பன்றிப் பற்கள் கோத்துத் தொங்குவதை நூர் முகம்மது பார்த்தார். தோட்டத்து ஆட்கள் வேட்டையாடிய பன்றிகளின் பற்கள். பிள்ளைகளுக்குத் தாயத்துக் கட்டப் பூண் போடச் சொல்லிக் கொடுத்தவை.

ஊர் திரும்பிய நூர் முகம்மது பொய் எதுவும் சொல்லவில்லை. “ஆசாரி பட்டறையில பன்னிப்பல்லு தொங்குது. நான் கண்ணால பாத்தேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாதுப்பா” என்று மட்டும் நாலு பேரிடம் சொன்னார். மிச்சத்தை அந்த நாலு பேர் சொன்னார்கள்.

முதலில் தட்டுகள் வந்தன. மீரா சாகிபின் மனைவி சித்தி ஹாஜரா பெருநாளுக்கும் கந்தூரிக்கும் அக்கம்பக்கத்துக்குக் கறியாக்கி அனுப்பிய தட்டுகள். பல வீடுகளில் மாதக் கணக்காகத் தங்கிப்போனவை எல்லாம் ஒரே காலையில் வாசலில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மண்ணின் சுவடு. பன்றி பட்ட பாத்திரத்தை மண்ணிட்டு ஏழு முறை கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். கழுவியவர்கள் அது தெரியும்படியே கழுவியிருந்தார்கள். கதவைத் தட்டி ஒருவரும் கொடுக்கவில்லை.

அன்று மாலை மீரா சாகிப் கடையிலிருந்து வந்தபோது வாசற்படியில் ஒரு சட்டியில் மண் கரைத்த தண்ணீர் இருந்தது.

“இது எதுக்கு?”

“கைய கழுவிட்டு வாங்க.”

“நீ நம்புறியா ஹாஜரா?”

“நான் நம்பலங்க. ஆனா நீங்க கழுவுறத எதுத்த வீட்டுக்காரி பாக்கணும்ல. மக கல்யாணம் பேசி வச்சிருக்கு.”

அவர் கழுவினார். எதிர்வீட்டுச் சன்னல் திறந்திருந்தது. மறுநாள், “மீரா சாகிப் தன் வீட்டுக்குள்ளேயே மண்ணு போட்டுக் கழுவித்தான் நுழையுறாரு” என்பது பசாரில் சாட்சியமாயிற்று.

அவர் அக்கரைக்குப் போனார். தங்கராஜு துருத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டான். கேட்டு முடித்ததும் பட்டறை வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

“மான்தான் அண்ணே. துரை சுட்ட மான். பங்களாவில மாட்டியிருந்த தலை. ஆணி கழண்டுபோச்சுன்னு பட்டறைக்குக் கொடுத்தாங்க. ஒரு கிளைய அறுத்துட்டு மிச்சத்த அனுப்பிட்டேன்.”

“துரை கேக்கலையா?”

“கேட்டாரு. தூக்கிட்டுப் போனவன் குசினிக்காரன். அவன் கீழ போட்டு ஒடச்சிட்டான்னு அடிச்சுத் தொரத்திட்டாங்க.”

“நீ பாத்துக்கிட்டு இருந்தியா?”

“நான் என்னண்ணே செய்ய? உங்களுக்குன்னு ஆசையா எடுத்தது. வரேன், சபையில வந்து மான்னு சொல்றேன். எந்த மான்னு மட்டும் யாரையும் கேக்க விடாதீங்க.”

மீரா சாகிப் அதற்கும் சம்மதித்தார். சிநேகிதனைச் சிக்க வைக்காமல் தம் பெயரை மீட்டுவிடலாம் என்று எண்ணினார். போதாக்குறைக்கு, சுங்கை பினாங்குப் பக்கம் மான்கொம்பு சீவி மருந்து விற்கும் சீனக் கிழவர் ஒருவரிடமும் கத்தியைக் கொண்டுபோய்க் காட்டினார். கிழவர் ஒரு பார்வை பார்த்து, “தண்டோக் ரூசா” என்றார். மான்கொம்பு. பிடியின் கடைசியில் கடற்பஞ்சுபோல் நுண்ணிய துளைகள் இருப்பதை நகத்தால் காட்டினார். பன்றிப் பல்லுக்கு அது கிடையாதாம்.

அந்த வெள்ளிக்கிழமை மீரா சாகிப் கத்தியைத் துணி விரித்துச் சபை நடுவில் வைத்தார். பாயில் இருந்தவர்கள் சற்றுப் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

“எடுத்துப் பாருங்க தவுக்கே. பிடிக்குக் கீழ துவாரம் இருக்கும். மான்கொம்புக்குத்தான் அப்படி.”

ஷேக் அலாவுதீன் அசையவில்லை. “எடுத்துப் பாத்து அது பன்னியா இருந்துட்டா?”

“மண்ணு போட்டுக் கழுவிக்கலாம்.”

“பெருநாளைக்குப் பன்னெண்டு நாள் இருக்கு. அந்தக் கையால நான் சோறு திங்கணும் மீரா.”

“அப்ப சீன வைத்தியர் பாத்துச் சொல்லியிருக்காரு. கீழ படியில நிக்கிறாரு. கூப்பிடவா?”

நூர் முகம்மது சிரித்தார். “பன்னி திங்கிறவன் வந்து நமக்குச் சாட்சி சொல்லணுமா காக்கா?”

“பன்னியத் தெரிஞ்சவன்தானேப்பா இது பன்னி இல்லேன்னு சொல்ல முடியும்? நீ எதத் தின்னு கண்டுபிடிச்சே?”

சபையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது என்று மீரா சாகிப் பின்னால் நினைத்துக்கொள்வார். தலைவரின் முகம் கறுத்தது. கிழவரைக் கூப்பிடவில்லை. தங்கராஜுவைக் கூப்பிட்டார்கள். அவன் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான்.

“கத்தி நீ செஞ்சதா?”

“ஆமாங்க.”

“பிடி என்ன?”

“மான்கொம்புங்க.”

“எங்க கிடைச்சுது?”

தங்கராஜு மீரா சாகிபைப் பார்த்தான். அவர் குறுக்கிட்டார். “எங்க கிடைச்சா என்ன தவுக்கே? பொருள் முன்னால இருக்கு.”

“உன்ன கேக்கல. சொல்லு ஆசாரி. உங்க துரை எனக்குப் பழக்கம்தான். மாசா மாசம் தோட்டத்துக்கு அரிசி என் கடையிலேருந்துதான் போகுது. உனக்குச் சொல்லத் தெரியலேன்னா அவருகிட்டயே கேட்டுக்கலாம்.”

தலைவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை; பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தங்கராஜுவின் கையிலிருந்த தலைப்பாகை கயிறாக முறுகியது.

“எனக்குச் சரியாத் தெரியாதுங்க. ஒரு சியாம்காரன் கொண்டாந்தான். மான்னு சொன்னான்.”

“பன்னிப்பல்லா இருக்குமா?” என்றார் நூர் முகம்மது.

“தங்கராஜு” என்றார் மீரா சாகிப்.

“இருக்கலாங்க” என்றான் தங்கராஜு.

துரையின் மான் என்று அந்த நிமிடம் மீரா சாகிப் சொல்லியிருந்தால் தங்கராஜுவைக் கைவிலங்கு போட்டுக் கொண்டுபோயிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. தீர்மானம் ஒரே மனதாக நிறைவேறியது.

படியிறங்கும்போது தங்கராஜு பின்னாலேயே ஓடிவந்தான். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வேற ஒண்ணு அடிச்சுத் தரேன். மரப்பிடி போட்டு.”

மீரா சாகிப் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஹஜ்ஜுப் பெருநாளில் அவரிடம் வந்தது அவருடைய சொந்த ஆடு ஒன்றுதான். அதே கத்தியால் முறைப்படி அறுத்து, முறைப்படி மூன்று பங்கு வைத்தார். உறவினர் பங்கை உறவினர் வாங்கவில்லை. ஏழைகள் பங்கைப் பள்ளிவாசல் தெருவில் உட்கார்ந்திருந்த பிச்சைக்காரர்களிடம் எடுத்துப் போனார். பல்லில்லாத ஒருவர் கறியைப் பார்த்து எச்சில் விழுங்கினார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “வேணாம் பாய். வாங்குனா நாளைக்கு எனக்கு யாரும் போடமாட்டாங்க” என்றார். மூன்று பங்கையும் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். சித்தி ஹாஜரா மண்ணைத் தள்ளினாள். அடுத்த வாரம் மகளின் சம்பந்தக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்கு இப்போது கல்யாணத்தில் நாட்டமில்லையாம்.

கடை மூன்றாவது மாதம் நூர் முகம்மதுவின் கடையோடு சேர்ந்தது. நடுச்சுவரை இடித்துப் பெரிதாக்கிக்கொண்டார். மீரா சாகிப் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறார். அரிசி மூட்டையை அவர் தொடலாம், அதற்குத் தடையில்லை. ஷேக் அலாவுதீன் கடைக்குப் போகும் மூட்டைகளும் அவர் முதுகில்தான் ஏறுகின்றன. தங்கராஜு தோட்டத்தில் தலைமைக் கொல்லன் ஆகிவிட்டான். பினாங்குக்கு வந்தால் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறான்.

இந்த மூன்றாண்டில் சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் ஐந்து கடிதங்கள் போயிருக்கின்றன. நகல்களும் தபால் சீட்டுகளும் உள்ளன. கிடைத்த பதில்கள் எல்லாம் வாய்ப் பதில்கள். “தலைவர் பாத்துச் சொல்வாரு.” “அதான் முடிஞ்சுபோச்சே காக்கா.” “இப்ப யாரு கறிய பேசிக்கிட்டிருக்கா, ரப்பர் விலை கெடக்குற கெடையில.” கடைசியாக எழுத்தர் சொன்னது: “பாத்தோம்னு எழுதினா பொய். பாக்கலேன்னு எழுதினா மானக்கேடு. நாங்க எத எழுதுறது?”

மீரா சாகிப் தம் கடையைத் திருப்பிக் கேட்கவில்லை. நூர் முகம்மதுவைத் தண்டிக்கும்படி கேட்கவில்லை. தங்கராஜு சபையில் சொன்ன சொல்லை மாற்றச் சொல்லியும் கேட்கவில்லை. பிடி மான்கொம்பு என்று தீர்ப்பை மாற்றி எழுதும்படிகூட இப்போது கேட்கவில்லை.

அவர் கேட்பது ஒரே ஒரு வரி. 1928 மே 18ஆம் தேதி தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் எவரேனும் அந்தக் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தாரா? பார்த்திருந்தால் அவர் பெயர் என்ன? பார்க்கவில்லையென்றால் “பார்க்கவில்லை” என்ற ஒரு சொல். 1931 செப்டம்பர் மாத முடிவுக்குள், தலைவரின் கையொப்பத்துடன், எழுத்து மூலம் பதில் தர வேண்டும். ஆள் மூலம் சொல்லி அனுப்பும் பதில் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.