ஒட்டுத்தாள் மாறிய பவர் பெட்டி

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் காதுக்காரர். ஆம்ப்ளிஃபயரைத் திறக்காமலே, அது போடும் சத்தத்தை வைத்து எந்தப் பாகம் செத்துப்போயிற்று என்று சொல்லிவிடுவார்.

சுவரிலிருந்து வரும் கரண்ட்டில் கலந்திருக்கும் இரைச்சலை வடிகட்டிப் பாட்டுக் கருவிக்குக் கொடுக்கிற பவர் பெட்டிகளை அவரே செய்து விற்றார். வாங்கியவர்களில் ஆசை அடங்காதவர்கள் பெட்டியைத் திரும்பக் கொண்டுவருவார்கள். கூடுதல் காசு வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் காயிலையும் கெபாசிட்டரையும் மாற்றி உசத்தியாகப் போட்டுத் தருவார். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேலையில்தான்.

அன்று காலை பின்தெருத் தையல்காரம்மா கடைக்கு வந்தாள்.

"அண்ணே, நான் ஃபியூஸ் மட்டும்தானே மாத்தச் சொன்னேன்?"

"அத மட்டும்தாம்மா மாத்தினேன். ஏன், திரும்பவும் போயிடுச்சா?"

"அதெல்லாம் போகல. மோட்டார் மெஷின மிதிச்சா ஸ்பீக்கர்ல ஒரு வண்டு கூடவே கத்தும். இப்ப அத காணோம். ரெண்டு நாளா பாட்ட பாட்டா கேக்குறேன்."

காதுக்காரர் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஃபியூஸ் மாற்றினால் வண்டு போகாது.

அவள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே பளபளவென்று புதுக் காயில். உசத்தித் தரச் சொல்லிப் போன வாரம் காசு கொடுத்திருந்த லாரிக்காரருடைய பெட்டிக்காக அவர் கையால் சுற்றியது.

"இத எடுத்துட்டுப் போறேம்மா. இது வேற ஒருத்தரோடது."

"எடுத்துட்டுப் போங்க. ஆனா அந்த வண்ட மட்டும் திரும்பக் கூட்டிட்டு வந்துடாதீங்க."

வேலை முடிந்த பெட்டிகளைத் துடைத்துவைப்பது அவர் மனைவி. பெயர் எழுதிய ஒட்டுத்தாளை உரித்து, துடைத்துவிட்டு, மறுபடி ஒட்டுவாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்தாள். "ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி இருந்துச்சு. நான்தான் மாத்தி ஒட்டிட்டேன்."

தப்பு நடப்பதுதான். அவரை உறுத்தியது வேறு. லாரிக்காரர் வீட்டில் பெட்டியை மாட்டியது அவரேதான். "பாடுறவ பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்குங்க" என்று லாரிக்காரர் உருகியபோது, பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடியிருந்த காதுக்காரர், "தாளம் எப்படி இறுகியிருக்கு, கவனிச்சீங்களா?" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஃபியூஸைத் தவிர எதையுமே மாற்றாத பெட்டியைக் கேட்டு அப்படிச் சொல்லியிருக்கிறது அவர் காது. இத்தனை காலம் அந்தக் காது சொன்னதில் எவ்வளவு நிஜம்?

போதாக்குறைக்கு, லாரிக்காரர் அன்று சாயங்காலம் மச்சானையும் ஒரு நண்பரையும் கூப்பிட்டிருந்தார். கேட்டுவிட்டு அவர்களும் தங்கள் பெட்டியை உசத்தக் கொடுப்பதாகப் பேச்சு.

"சொல்லித்தான் ஆகணுமா?" என்றாள் மனைவி. "அவருக்குத்தான் நல்லா கேக்குதே."

"அதான் பயமா இருக்கு."

லாரிக்காரர் வீட்டுக் கூடத்தில் அவருடைய மச்சானும் சிமெண்ட் கடைக்காரரும் சோபாவில் சாய்ந்திருந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க காதுக்காரரே, உங்களைப் பத்திதான் பேச்சு," என்றார் லாரிக்காரர். "நீங்களே சொல்லுங்க, முன்னாடி இப்படியா இருந்துச்சு?"

காதுக்காரர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. அந்தப் பெட்டியில நான் ஃபியூஸ் மட்டும்தான் மாத்தியிருக்கேன். அது உங்களோடதே இல்ல. உங்க பெட்டி இந்தப் பையில இருக்கு."

பாட்டு மட்டும் விவரம் தெரியாமல் ஓடியது. மச்சான் மெல்லச் சொன்னார்: "பாடுறவ எழுந்து போயிட்டா மாமா."

சிமெண்ட் கடைக்காரர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். லாரிக்காரர் முகம் கறுத்தது. "மாட்டுய்யா அத," என்றார். இதுவரை 'வாங்க, போங்க' என்றிருந்தவர்.

காதுக்காரர் பெட்டியை மாற்றினார். அதே பாட்டு, முதலிலிருந்து. லாரிக்காரர் கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பாட்டு முடிந்தது. மூன்று பேரும் காதுக்காரரைப் பார்த்தார்கள். "இப்பத்தான் சரியா இருக்கு" என்று ஒரு வார்த்தை போதும்; தொழில் பிழைத்துக்கொள்ளும்.

பாட்டை நிறுத்தச் சொல்லி ஸ்பீக்கரில் காதை வைத்தார். பழைய பெட்டியைத் திரும்ப மாட்டி மறுபடியும் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றுமில்லை. ஆழக் கிணற்று அமைதி.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. உங்க வீட்டு லைன் சுத்தமா இருக்கு. இல்லாத அழுக்க எதைப் போட்டு வடிகட்டுறது?"

"அப்ப நான் கேட்டது?"

"நானும்தான் கேட்டேன். கேக்கணும்னு உக்காந்தோம், கேட்டுச்சு."

"வேலைய எடுத்துக்கும்போதே இத சொல்லியிருக்கலாமே."

"பெட்டிய தொடுறதுக்கு முன்னாடி யார் வீட்டுலயும் போய் நான் கேட்டுப் பார்த்ததில்ல. தப்பு அதுதான்."

லாரிக்காரர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். "என் பெட்டிய மாட்டிட்டுப் போ. பிரயோஜனம் இருக்கோ இல்லையோ, என்னுது என்னுதுதான்."

மாட்டிவிட்டுக் கிளம்பும்போது சிமெண்ட் கடைக்காரர் வாசல்வரை வந்தார். "அப்ப என் பெட்டி?"

"உங்க வீட்டுக்கு வந்து முதல்ல கேக்குறேன். ஒண்ணும் இல்லேன்னா தொட மாட்டேன்."

"இப்படிப் பேசினா நீ பொழச்ச மாதிரிதான்," என்று உள்ளேயிருந்து மச்சானின் குரல் வந்தது.

பழைய பெட்டியோடு நேராகத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். அவளுடைய பெட்டியை அவளுக்கே மாட்டினார். அவள் பாட்டைப் போட்டு, மெஷினில் உட்கார்ந்து மிதித்தாள். பாட்டுக்கு நடுவே வண்டு கிளம்பியது.

"வந்துடுச்சு பாருங்க," என்று காலை எடுத்தாள்.

"நிறுத்தாதீங்கம்மா. மிதிங்க," என்றார் காதுக்காரர். துணித் துண்டுகளுக்கு நடுவே மண்டிபோட்டு, பாட்டை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்தார். கண்ணை மட்டும் இந்த முறை மூடவில்லை. அவள் கால் மிதிக்கும்போது கத்தியது, நிற்கும்போது நின்றது. போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு தடவை மிதிக்கச் சொல்லிக் கேட்டார். அதற்குப் பிறகுதான் அவள் பெட்டியைத் திறக்கத் திருப்புளியை எடுத்தார்.