கரமனை சிக்னலில் தலையாட்டிய நாய்

என் காரின் டாஷ்போர்டில் பழுப்புநிறப் பிளாஸ்டிக் நாய் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கழுத்தில் ஸ்பிரிங் வைத்த பொம்மை. முன்பு அது என் அக்காவின் காரில் இருந்தது. அந்த வண்டி ஓடும்போது பரம சாதுவாக வரும். சிக்னலில் நின்றதும் சாமி வந்ததுபோல் தலையை உலுக்கும். பின்சீட்டுக் குழந்தைகளுக்கு அதுதான் காலை வேடிக்கை. எனக்கோ அது வேடிக்கையில்லை. நாய் அப்படி ஆடினால் எஞ்சின் எந்த நிமிஷமும் அணைந்துவிடும்.

அத்திம்பேரோடு இனி ஒத்துவராது என்று கரமனைக்குத் திரும்பிய அக்காவுக்குப் பிறந்த வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. டாக்ஸி பெர்மிட்டோடு பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, பள்ளிக்கூடக் குழந்தைகளை ஏற்ற ஆரம்பித்தாள். எனக்கு ஆபீஸ் அதே வழியில் என்பதால் முன்சீட்டு என்னுடையது. சில மாதத்தில் வண்டிக்கு இந்தக் கோளாறு வந்தது. நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடாது. ஏறும், இறங்கும், இருமும், சில நாள் நின்றேவிடும். பின்னால் பஸ்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கமாட்டார். நான் வாட்சைப் பார்ப்பேன், அக்காவைப் பார்ப்பேன், மறுபடி வாட்சைப் பார்ப்பேன். கடைசியில் ஒரு பையனின் அம்மா, இன்னொரு தடவை வண்டி நடுரோட்டில் நின்றால் மகனை வேறு காரில் அனுப்பிவிடுவேன் என்று மலையாளத்தில் மரியாதையாகவே சொல்லிவிட்டாள். ஒரு வீடு போனால் மற்ற வீடுகளும் போய்விடும். அக்கா மறுபடி வீட்டுக்குள் உட்கார வேண்டியதுதான்.

மெக்கானிக் திருநெல்வேலிக்காரர், இங்கே வந்து ரொம்ப காலமாயிற்று. பிளக்கை மாற்றினார், ஏர் ஃபில்டரை மாற்றினார், காற்றும் பெட்ரோலும் போகிற வழியெல்லாம் சுத்தம் செய்தார். அவர் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு எதிரே நின்றால் எஞ்சின் சமர்த்தாக ஓடும். “வண்டில ஒண்ணும் இல்ல அக்கா. நீங்க கிளட்ச்ச பட்டுனு விடுறீங்க, அல்லே?” என்பார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை வாங்குவாள். தெருமுனையில் நிறுத்தினால் நாய் மறுபடி ஆடும்.

நாயைக் கொண்டுவந்து வைத்தவள் மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு சிறுமி. அதன் மேல் வைத்த கண்ணை எடுக்கமாட்டாள். ஒரு நாள் கரமனை சிக்னலில் கால் கடுத்துப்போய், அக்கா ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்தாள். “ஆன்ட்டி, நாய் உறங்கிப்போச்சு” என்றது பின்சீட்டுக் குரல். அக்கா நாயைப் பார்த்தாள். பிரேக்கை அமுக்கினாள், நாய் ஆடியது. விட்டாள், அடங்கியது. விளக்கு பச்சையாகி பஸ் அலறியது. அவளோ இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள். “கேட்டியா, பிரேக்கை அமுக்கினா மட்டுமாக்கும் இது ஆடறது” என்றாள் என்னிடம்.

“பிரேக்குக்கும் இதுக்கும் என்ன பந்தம் அக்கா?” என்று சிரித்த மெக்கானிக்கையே அவள் சீட்டில் உட்காரவைத்து அமுக்கச் சொன்னாள். எஞ்சின் குலுங்கியது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பெடல் பக்கம் குனிந்து காது கொடுத்தார். எனக்கும் கேட்டது, உஸ்ஸென்று காற்று போகும் சத்தம். பிரேக்கை லேசாக அமுக்க உதவுகிற ஒரு டப்பா பெடலுக்குப் பின்னால் இருக்கிறதாம். அதற்குள் ரப்பர் கிழிந்து, அமுக்கும்போதெல்லாம் அந்த வழியாகக் காற்று எஞ்சினுக்குள் போயிருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் ஒரு நாள் முழுப் பலத்தோடு மிதித்தாலும் வண்டி எளிதில் நின்றிருக்காது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். டப்பாவை மாற்றி முடித்த மெக்கானிக், “வீடுகள்ல பிரேக்குன்னு சொல்லண்டா அக்கா. நிக்கும்போது எஞ்சின் ஓடுற ஐடிலிங் சரியாச்சுன்னு சொன்னா போதும்” என்றார். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை அக்கா ஒவ்வொரு கேட்டிலும் வண்டியை விட்டு இறங்கி, பிரேக்கில்தான் கோளாறு இருந்தது, இப்போது மாற்றியாயிற்று என்று சொன்னாள். இவளுக்கு எதற்கு இந்த வம்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிரட்டியிருந்த அம்மா காரை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு மகனுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். நாய்க்காரச் சிறுமியின் அப்பா மகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். பொம்மையைத் திருப்பிக் கொடுக்க அக்கா சாயங்காலம் போனாள். “வண்டியிலேயே இருக்கட்டும்” என்றாளாம் சிறுமி.

அப்புறம் எஞ்சின் ஆடவில்லை, நாயும் ஆடவில்லை. குழந்தைகளுக்குத்தான் ஏமாற்றம். ஒரு வாரம் போயிருக்கும். சிக்னலில் எங்கள் பக்கத்தில் ஸ்கூல் பஸ் வந்து நின்றது. ஜன்னலில் அந்தச் சிறுமி. எங்களைப் பார்த்ததும், நாய் மாதிரியே தலையைக் கடகடவென்று உலுக்கினாள். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதேபோல் உலுக்கினாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

இப்போது, பல வருஷம் கழித்து, என் கார் மின்சாரக் கார். நின்றால் சத்தமும் இல்லை, நடுக்கமும் இல்லை. எனக்குத்தான் கரமனை சிக்னலில் இப்போதும் இருப்புக்கொள்வதில்லை. முழங்கால் வலியால் ஓட்டுவதை விட்டுவிட்ட அக்கா இன்று முன்சீட்டில் இருந்தாள். சிவப்பு விழுந்ததும் அவள் வலது கால் வெறும் தரையை அமுக்கியது. கண் நாயிடம் போனது. பக்கத்தில் ஒரு ஸ்கூல் பஸ் நின்றது. ஜன்னலில் யாரோ ஒரு குழந்தை. அக்கா தலையை உலுக்கினாள். அந்தக் குழந்தை கொஞ்சம் முழித்துவிட்டு, தானும் உலுக்கியது.