கயிறில்லாமல் ஏறிய சேஃப்டி ஆபீசர்

வில்பிரட் சேலையூரில் குடியிருக்கிறார். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். உயரத்தில் ஏறுகிற ஆள் இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறாரா, பெல்ட்டின் கொக்கியைக் கம்பியில் மாட்டியிருக்கிறாரா என்று பார்ப்பது பதினாலு வருடமாக அவருடைய வேலை.

அதே வில்பிரட் ஞாயிற்றுக்கிழமைகளில், சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன்னால், பல்லாவரம் மலைப்பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் கயிறு இல்லாமல் பாறை ஏறிக்கொண்டிருந்தார். மனைவி ஏஞ்சலிடம் வாக்கிங் என்று சொல்லியிருந்தார்.

ஆரம்பத்தில் ஒரு குழுவோடு கயிறு கட்டித்தான் ஏறினார். ஒரு நாள் மற்றவர்கள் வரத் தாமதமானது. சும்மா நிற்பானேன் என்று சுலபமான ஒரு பக்கமாகத் தனியாக ஏறிப் பார்த்தார். பாதி உயரத்தில், தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் அடங்கிவிட்டது. கால் பெருவிரல் நின்ற ஒரு அங்குலக் கல்லும், கைக்கு அடுத்து அகப்படப்போகிற பிடியும் தவிர வேறு எதுவும் இல்லை. ஆடிட் இல்லை, வீட்டுக் கடன் இல்லை, மேனேஜர் இல்லை. கீழே வந்தபோது மனசு கழுவி வைத்ததுபோல் இருந்தது.

அதன்பிறகு அவர் குழுவுக்குப் போகவில்லை. கயிறு கட்டினால் அந்த அமைதி வருவதில்லை. விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அதைப் படம் போட்டு வகுப்பு எடுப்பவரே அவர்தான்.

போன வருடம் ஆகஸ்ட் மாதம், தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்க வந்திருந்த தனசிங் முப்பது அடி உயரத்தில் கொக்கியைக் கழற்றிவிட்டு எட்டி அடித்துக்கொண்டிருந்ததை வில்பிரட் பார்த்துவிட்டார். கீழே இறக்கி, எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார்.

"உனக்கெல்லாம் குடும்பம் இருக்கா, இல்லையா? நீ செத்தா யாருய்யா பதில் சொல்றது?"

"ரெண்டு நிமிசம் சார். எட்டல, அதான்..."

"பேசாத. வெளிய போ."

அன்றே தனசிங்கின் கேட் பாஸ் ரத்தானது.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. குவாரிச் சுவரில் நாற்பது அடி ஏறியபிறகு வில்பிரட்டின் இடதுகைப் பிடி பெயர்ந்து போனது. எப்படியோ பக்கத்திலிருந்த விளிம்புக்குத் தாவி ஒட்டிக்கொண்டார். அரைப்பாதம் வைக்கத்தான் அதில் இடம். மேலே பாசி. பிடி போனதில் இறங்குகிற வழியும் போய்விட்டது. கெண்டைக்கால் தையல் மெஷின்போல் ஆடியது. ஏஞ்சலின் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே, தன்னை இறக்குவதை யாராவது செல்போனில் படம் பிடித்தால் தொழிற்சாலையில் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்ற நினைப்பும் வந்தது.

அதனால் அவர் தீயணைப்புக்குப் போன் செய்யவில்லை. கயிறும் பெல்ட்டும் வைத்திருக்கிற, வெளியே சொல்லாத ஒரு ஆள் வேண்டும். ஒரு கையால் போனை எடுத்து, கேட் பாஸுக்காக வாங்கிவைத்திருந்த நம்பரில் தனசிங்கைக் கூப்பிட்டார்.

"தனசிங், நான் சேஃப்டி வில்பிரட் பேசறேன். கொஞ்சம் வாங்களேன்."

மூன்று வாரத்துக்கு முன் 'நீ' என்றவர் இப்போது 'வாங்க' என்றது அவர் காதுக்கே கேட்டது.

"எங்க கீறீங்க சார்? இன்னா ஆச்சு?"

சொன்னார்.

"ஆடாம நில்லுங்க. தோ வரேன்."

முடிச்சூரிலிருந்து வர முக்கால் மணி நேரம் ஆனது. கூட வந்த மச்சான் தயாளன் பின்பக்கமாக மேலே ஏறி மரத்தில் கயிறு கட்ட, தனசிங் சுவரோடு இறங்கி வந்தார். வில்பிரட்டின் இடுப்பில் பெல்ட்டை மாட்டினார், கொக்கியைப் போட்டார்.

"இஸ்து பாருங்க சார். நல்லா இஸ்து பாருங்க."

வகுப்பில் வில்பிரட் சொல்லிக்கொடுக்கிற அதே பாடம். இழுத்துப் பார்த்தார். மேலேயிருந்து தயாளன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, தரைக்கு வந்து சேர்ந்தார்.

அப்போதுதான் கால்சட்டை நனைந்திருப்பது அவருக்கே தெரிந்தது. தனசிங் பையிலிருந்து ஒரு லுங்கியை எடுத்து நீட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு இது பொழப்பு சார். உங்களுக்கு இன்னாத்துக்கு?"

"நல்லா இருக்கும்," என்றார் வில்பிரட். உடனே சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் போய் யார்கிட்ட சார் சொல்றது? என்னத்தான் கேட்டாண்டயே வுட மாட்டேன்றாங்களே." குரலில் கோபம் இல்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

நன்றி சொல்லவில்லை என்பது சர்ச்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் வில்பிரட்டுக்கு உறைத்தது. திங்கட்கிழமை காலை வகுப்பில் 'பெல்ட்' என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திவிட்டார். கூட இருந்த சூப்பர்வைசரைப் பேசச் சொன்னார். மேனேஜரிடம், "முதல் தப்புதானே சார்" என்று சொல்லி கேட் பாஸைத் திரும்ப வாங்கினார். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. தனசிங் போனில், "வேணாம் சார், பெருங்களத்தூர்ல ஒரு அப்பார்ட்மென்ட் வேலை கெடச்சிருச்சி" என்றார்.

பதினோராம் நாள் வில்பிரட் ஏஞ்சலிடம் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

"நாலு."

"நாலு வருஷமா வாக்கிங் போய்ட்டு வர்றீங்கன்னு இட்லி ஊத்தி வெச்சிட்டு உக்காந்திருக்கேன்." பிறகு கேட்டாள்: "அவருக்குத் தேங்க்ஸாவது சொன்னீங்களா?"

அடுத்த ஞாயிறு இருவரும் முடிச்சூருக்குப் போனார்கள். தனசிங் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி சரசு கதவைத் திறந்து, பேரைக் கேட்டதும் முகம் இறுகினாள்.

"அந்தக் கம்பெனி சாரா? பத்து நாளு வூட்ல உக்கார வெச்சீங்களே, நீங்கதானா? இப்ப இன்னா சார்?"

அவளுக்கு எதுவும் தெரியாது. தனசிங் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. தன் ரகசியத்தை அவர் வீட்டில்கூடச் சொல்லாமல் இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறார் என்று புரிந்ததும் வில்பிரட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. ஏஞ்சல் பக்கத்தில் அசையாமல் நின்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கொக்கி மாட்டாததற்காக அவள் புருஷனை வெளியே அனுப்பியதை, தான் பெல்ட்டே இல்லாமல் ஏறியதை, லுங்கியை.

சரசு அவரையும் ஏஞ்சலையும் மாறி மாறிப் பார்த்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வெளியே வந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல சார். இன்னொரு தபா சொல்லுங்க."

வில்பிரட் முதலிலிருந்து ஆரம்பித்தார், இந்த முறை பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் கேட்கிற மாதிரி.