சேகர் தாளம் தப்பிய இடம்

செய்தி வந்தபோது பெங்களூரில் வைட்ஃபீல்ட் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தேன். எங்கள் கிதார்காரர் ராகவேந்திரா போனில் பேசினார். கன்னடக்காரர், ஆனாலும் என்னிடம் தமிழில்தான் பேசுவார். அன்று தமிழ் வரவில்லை. "வசந்தி, சேகர் ஹோக்பிட்ட" என்றார். எங்கே போனான் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது. காலையில் டீ குடிக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டானாம். எங்கள் முதல் ஆல்பம் இணையத்தில் வெளியாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

நீலசந்திரா சேகர் டிரம்ஸ் வாசித்துக் கேட்காதவர்கள் இதைப் படிப்பவர்களில் குறைவாகத்தான் இருப்பார்கள். இளமையில் நாங்கள் மூவரும் ஆளுக்கொரு ராக் குழுவில் அடுத்தவர் பாட்டுகளை வாசித்துத் திரிந்தவர்கள். பிறகு நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குப் போனேன், ராகவேந்திரா வீட்டு புரோக்கர் ஆனார். சேகர் மட்டும் குச்சியைக் கீழே வைக்கவில்லை. கல்யாணம், திருவிழா, ஹோட்டல் என்று அலைந்தான். அறுபதை நெருங்கும்போது அவன்தான் எங்களைக் கூப்பிட்டான். "சொந்தப் பாட்டு ஒண்ணுகூட இல்லாம போய்ச் சேந்தா, மேல இருக்கறவன் என்னடா வாசிச்சேன்னு கேப்பான். இன்னா சொல்றது?" குழுவுக்கு 'ஃப்ரெஷர்ஸ்' என்று பெயர் வைத்ததும் அவனே. மூன்று பேர் தலையையும் சேர்த்தால் கறுப்பு முடி ஒரு பிடி தேறாது. சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

அது சாதாரண இருமல் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் வந்த காய்ச்சல் என் நுரையீரலைப் பாழாக்கிவிட்டுப் போனது. பாட்டில் எந்த இடத்தில் மூச்சு தீரும் என்று எனக்கே தெரியாது. என்னால் பாட முடியாது என்றேன். "உனக்கு எங்க முட்டுதோ அங்க நில்லு, நான் பாத்துக்கறேன்" என்றான்.

ஒலிப்பதிவின்போது காதில் டிக் டிக் என்று ஒரு அளவுச் சத்தம் ஓடும். வேகம் மாறாமலிருக்க அதைப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். பதிவு செய்தவர் அதைப் போட்டதுமே சேகர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டான். "கடியாரத்துக்கு மூச்சு வாங்குமா சார்? நான் இவங்க தோளப் பாத்து வாசிச்சுக்கறேன், உடுங்க." என் தோள் ஏறி இறங்கும்வரை அவன் கை காற்றில் நிற்கும். முழு ஆல்பமும் அப்படித்தான் பதிவானது.

வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் பேசியிருந்தோம். ரத்து செய்யலாம் என்றபோது சேகரின் மனைவியே தடுத்தாள். "அவரு வாசிச்சது தனியா ரெக்கார்டுல இருக்குதாமேக்கா. அதப் போட்டுப் பாடுங்க. அவரும் கூட இருந்தாப்பல இருக்கும்." முயன்றோம். பதிவில் அவன் நின்ற இடங்களில் எனக்கு மூச்சு இருந்தது. எனக்கு மூச்சு முட்டிய இடங்களில் அவன் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தான். பாட்டின் நடுவில் என்னையறியாமல் "இருடா!" என்று கத்திவிட்டேன். அவன் இருக்கவில்லை. ராகவேந்திரா கிதாரைப் பெட்டியில் வைத்தார். "பேடா வசந்தி, விட்ரலாம்" என்றார். வேறு டிரம்மரைப் பாருங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான், கோபமில்லை. ஆனால் எனக்கு ஆசையே அற்றுப்போய்விட்டது. விழா நடக்காது, குழுவும் இல்லை.

இணையத்தில் எங்கள் மூன்றாம் பாட்டின் கீழே யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார்: 'பாட்டு அருமை. நடுவில் டிரம்மர் தாளம் தப்பிவிட்டார், சரிசெய்திருக்கலாம்.' அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுபோயிருந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். அவருக்குப் புரியவைத்து என்ன ஆகப்போகிறது, போனவன் வந்துவிடவா போகிறான்? மூடி வைத்துவிட்டேன். இனி நான் பாடப்போவதில்லை. ஊருக்கு அவன் விட்டுப்போன நல்ல வாசிப்பு ஏராளம், எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தத் தப்பு ஒன்று போதும்.