கப்பல் நேரமும் டுவைட் கெலர்மனின் கைக்கடிகாரமும்

டுவைட் கெலர்மன் ஓகையோ மாநிலத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் காப்பீட்டு நிறுவனமொன்றில் இழப்பீட்டு விசாரணையாளராகப் பணியாற்றியவர். ஆலங்கட்டி மழை விழுந்து கூரை சேதமாயிற்று என்று ஒருவர் விண்ணப்பித்தால், ஏணி வைத்து ஏறி, குழிகள் வானத்திலிருந்து வந்தவையா, காலுறைக்குள் கோல்ஃப் பந்தைப் போட்டு வீட்டுக்காரரே அடித்தவையா என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. வானம் ஒரே அளவில் அடிக்காது என்பார். ஒழுங்காக இருக்கும் எதையும் அவர் நம்பியதில்லை.

ஓய்வு பெற்றபின் அவரும் மனைவி நடீனும் ஃபுளோரிடாவுக்கு வந்து, டாம்பாவுக்குத் தெற்கே எங்கள் தெருவில் குடியேறினார்கள். எங்கள் தெருவில் கப்பலேறாத வீடு கிடையாது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு வாரம் கரீபியன் கடலைச் சுற்றிவிட்டு, இரண்டு கிலோ கூடுதல் எடையுடன் திரும்பி வருவோம். கெலர்மன் தம்பதியர் ஐந்து முறை போயிருந்தார்கள். ஐந்தும் ஜனவரி மாதப் பயணங்கள். ஆறாவது பயணம் ஏப்ரலில் அமைந்தது. ஏப்ரல் என்று தேர்ந்தெடுத்தவர் நடீன். டுவைட் ஐயப்பட்ட முதல் செய்தி அதுதான்.

இரண்டாவது ஐயம் கப்பலேறிய மறுநாள், கடலிலேயே கழியும் திங்கட்கிழமை, பிறந்தது. நாள்தோறும் காலை பத்து மணிக்கு எட்டாம் தளத்துக் கூடத்தில் வினாவிடைப் போட்டி நடக்கும். ஆறு பேர் கொண்ட அணிகளுக்கு எதிரே கெலர்மன்கள் இருவர் மட்டும் அமர்ந்து, ஐந்து பயணங்களில் ஒன்பது பிளாஸ்டிக் கோப்பைகள் வென்றிருக்கிறார்கள். நதிகளும் தலைநகரங்களும் டுவைட்டின் பங்கு. பாடகர்களும் சமையலும் நடீனின் பங்கு. அன்று நடீன் போட்டிக்கு வரவில்லை. வரிசை நடனம் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். டுவைட் தனியாக அமர்ந்து, சமையல் கேள்விகள் அனைத்திலும் தோற்றார்.

போட்டி முடிந்ததும் நடனம் நடக்கும் இடத்துக்குப் போய்த் தூணொன்றின் பின்னால் நின்றார். நடீன் ஆடிக்கொண்டுதான் இருந்தார். அடுத்து நின்றவர் லைல், ஜார்ஜியாவிலிருந்து வந்தவர், மனைவியை இழந்தவர். வெள்ளை மீசையை நேர்த்தியாகக் கத்தரித்திருந்தார். அந்த மீசையின் ஒழுங்கு டுவைட்டுக்குப் பிடிக்கவில்லை. பாட்டு நின்றதும் நடீன் வெளியேறி, வரவேற்பு மேசைக்கு அருகே, அடுத்தடுத்த பயணங்களைப் பதிவு செய்யும் மேசையின் வரிசையில் நின்றார். பகலுணவின்போது, எங்கே போயிருந்தாய் என்று டுவைட் கேட்டதற்கு, சலவைக்குத் துணி போடுவது பற்றி விசாரித்ததாக நடீன் பதில் சொன்னார். சலவைக்குப் பொறுப்பு அறைப் பணியாளர் என்பது இருவருக்கும் தெரியும்.

செவ்வாயன்று கிராண்ட் கேமன் தீவில் கப்பல்காரர்களே ஏற்பாடு செய்த படகில் இருவரும் ஒன்றாகப் போய்த் திருக்கை மீன்களைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். நடீன் சிரித்துக்கொண்டே இருந்தார். இந்தச் சிரிப்பு யாருக்காக என்று டுவைட் யோசித்தார். மாலையில் அவர் குளிக்கும்போது நடீனின் கைப்பேசி ஒருமுறை ஒலித்ததும், குளித்து வருவதற்குள் அது தலையணைக்கடியில் போய்விட்டதும் அவர் நினைவில் பதிந்தன. நாற்பத்து நான்கு ஆண்டு மணவாழ்க்கையில் தலையணைக்கடியில் எதையும் வைக்கிறவரல்ல நடீன். இவள் நம்மைவிட்டுப் போகப் போகிறாள் என்ற எண்ணம் முதன்முதலாக அப்போதுதான் முழு வாக்கியமாக அவருக்குள் உருவாயிற்று.

புதன்கிழமை மெக்சிகோவின் கோசுமெல் தீவு. நடனத்தில் பழக்கமான ஜார்ஜியாப் பெண்கள் இருவருடன் கடைவீதிக்குப் போவதாக நடீன் சொன்னார். தமக்கு முழங்கால் வலி என்று டுவைட் சொன்னார். நடீன் இறங்கிப் பத்து நிமிடம் கழித்து, அகன்ற வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவரும் இறங்கினார். கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே, அதாவது ஃபுளோரிடா நேரத்திலேயே, வைத்திருக்கும்படி ஒலிபெருக்கி காலையிலிருந்து மூன்று முறை அறிவித்திருந்தது. மூன்று முறையும் டுவைட் நடீனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சதுக்கத்து மணிக்கூண்டு அவருடைய கைக்கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. ஒரு சாட்சி போதாது என்பது அவருடைய தொழில் முறை. எதிரே இருந்த வங்கியின் கடிகாரத்தையும் பார்த்தார். அதுவும் அப்படியே காட்டியது. ஜனவரியில் கோசுமெல்லும் ஃபுளோரிடாவும் ஒரே நேரத்தில் இருக்கும். மார்ச்சில் நாம் கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறோம், அவர்கள் தள்ளுவதில்லை. ஐந்து ஜனவரிகளில் எழாத கேள்வி அன்றும் அவருக்கு எழவில்லை. துறைமுகத்தில் கப்பலேறச் சொல்லும் நேரம் துறைமுகத்தின் நேரமாகத்தானே இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பினார். நாலரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். வழக்கம்போல் அரைமணி முன்னதாக, நான்கு மணிக்கே போய்விடுவது என்றும் முடிவு செய்தார்.

நடீன் கடைவீதியின் கோடியில் தோழியரைவிட்டுப் பிரிந்து, மருந்துக் கடையொன்றுக்குள் நுழைந்தார். சிறு காகிதப் பையுடன் வெளிவந்து, அதைக் கைப்பையின் அடியில் மறைத்துக்கொண்டார். நடீனின் மாத்திரைகள் டுவைட்டின் பொறுப்பு. காலை மாலை என்று பிரித்த பெட்டியில் ஏழு நாளுக்கும், கப்பல் தாமதமானால் இருக்கட்டும் என்று ஒரு நாளுக்குக் கூடுதலாகவும் அவரே நிரப்பியிருந்தார். அதற்குமேல் ஒரு மாத்திரை எதற்கு?

நடீன் போகட்டும் என்று விட்டுவிட்டு டுவைட் கடைக்குள் போனார். இப்போது வந்த பெண்மணி என்ன வாங்கினார் என்று விசாரித்தார். கடைக்காரர் நடுவயதினர், அமெரிக்கர்களை நாள் முழுவதும் பார்ப்பவர். சொல்ல மறுத்தார். அவர் என் மனைவி என்று டுவைட் விளக்கினார். பழைய அலுவலக அடையாள அட்டையைக்கூட எடுத்துக் காட்டினார்.

“சென்யோர், மருந்து வாங்குனது அவங்க. கேக்குறது நீங்க. ரெண்டு பேரும் ஒரே வீடுன்னா, வீட்லயே கேட்டுக்கலாமே? எனக்கு எதுக்கு வம்பு?”

அரைமணி நேரம் வாதாடியபின், இரத்த அழுத்த மாத்திரை, ஒரு வாரத்துக்கு என்ற தகவல் மட்டும் கிடைத்தது. வெளியே வந்தபோது நடீனைக் காணவில்லை. மூன்று கடைகளில் தேடினார். பிறகு சதுக்கத்துப் பலகையில் அமர்ந்து, வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தைக் கண்காணித்தார். ஒரு வாரத்து மாத்திரை எதற்கு என்று தம்மையே கேட்டுக்கொண்டார். எங்கேயோ ஒரு வாரம் தங்கப் போகிறாள். யாருடன்?

அவருடைய கைக்கடிகாரத்தில் மணி நான்காகப் பத்து நிமிடம் இருந்தபோது துறைமுக வாயிலை அடைந்தார். மேடை வெறிச்சோடிக் கிடந்தது. கப்பலின் மேல்மாடங்களில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் கையில் கோப்பையுடன் சாய்ந்து நின்றார்கள். பிந்தி வருபவர்கள் ஓடுவதை வேடிக்கை பார்ப்பது அவர்களுக்கு மாலைநேர நிகழ்ச்சி. டுவைட்டே ஐந்து பயணங்களில் அப்படி நின்று கைதட்டியிருக்கிறார். இன்று அவருக்காகத் தட்டினார்கள். கப்பல் நேரம் ஐந்தாகப் பத்து நிமிடம். ஐந்துக்குப் புறப்பாடு.

எழுபத்தொரு வயதில், பொய்யாக வலித்த முழங்கால் உண்மையாகவே வலிக்க, அந்த நீண்ட மேடை முழுவதும் டுவைட் ஓடினார். “ஓடு தாத்தா ஓடு, ராத்திரிக்கு நண்டு இருக்கு” என்று யாரோ மேலிருந்து கூவினார். ஏறுபாலத்தின் அடியில் துறைமுக முகவர் பழுப்பு உறையொன்றுடன் நின்றிருந்தார். வராத பயணியின் கடவுச்சீட்டை அறைப் பெட்டகத்திலிருந்து எடுத்துக் கரையில் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் கிளம்பும். பெட்டகத்திலிருந்த தாள்கள் அனைத்தையும் காவலர்கள் அவசரத்தில் அந்த உறையில் போட்டிருந்தார்கள். உறை டுவைட்டின் கைக்கு வந்தது. பழக்கத்தின் காரணமாக அங்கேயே பிரித்துச் சரிபார்த்தார். கடவுச்சீட்டுடன் மடித்த தாளொன்று இருந்தது. இதே கப்பல், வரும் ஞாயிற்றுக்கிழமை டாம்பாவிலிருந்து மீண்டும் ஒரு வாரம், சன்னல் இல்லாத உள்ளறை, பயணி நடீன் கெலர்மன், பயணிகளின் எண்ணிக்கை ஒன்று.

நிமிர்ந்து பார்த்தார். ஏறுபாலத்தின் மேல்முனையில், இரண்டு காவலர்களுக்கு நடுவே நடீன் நின்றிருந்தார். கணவர் வராமல் கப்பல் நகரக் கூடாது என்று இருபது நிமிடமாக அங்கே வழக்காடியிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. தாள் டுவைட்டின் கையில் இருப்பதைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

உணவுக் கூடத்தில் அன்று வழக்கமான மேசையை விட்டு, மூலையில் இருவருக்கான மேசை கேட்டு வாங்கினார்கள். நண்டு வந்தது, இருவரும் தொடவில்லை.

“யார் அவன்?” என்றார் டுவைட்.

“பயணி ஒண்ணுன்னு போட்டிருக்கே, படிக்கலையா?”

“அந்த லைல்தானா?”

“லைலுக்கு இடது கால் எது, வலது கால் எதுன்னே தெரியாது. நடனத்துல மூணு தரம் என்னை மிதிச்சுட்டான்.” நடீன் கைத்துண்டை மடித்து வைத்தார். “தூணுக்குப் பின்னாடி நீ நின்னது தெரியும். இன்னைக்குக் கடைவீதியில வந்ததும் தெரியும். அந்தத் தொப்பி அவ்வளவு அகலம், டுவைட்.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ அதுக்கு ஒரு கோப்பு திறப்ப. திங்கக்கிழமை காலைல லிஃப்ட்ல ஒரு ஆள் எனக்கு வணக்கம் சொன்னான். யாரு, எந்த ஊரு, எப்படிப் பழக்கம்னு மூணு தளம் இறங்குற வரைக்கும் கேட்ட. நடனம் முடிஞ்சதும் அந்த மேசைக்குப் போய்ப் பதிஞ்சேன். எனக்கு ஒரு வாரம் வேணும். எங்க போன, யார்கூடப் பேசினன்னு யாருமே கேக்காத ஒரு வாரம்.”

பிறகு நடீன் தம் நிபந்தனையைச் சொன்னார். டாம்பாவில் டுவைட் இறங்கி வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கடுத்த ஞாயிறு நடீனே வந்து சேர்வார். துறைமுகத்துக்கு வரக் கூடாது, தொலைபேசியில் அழைக்கக் கூடாது. “நீயும் கப்பல்லயே இருந்தா நான் இறங்கிடுவேன். எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அங்கேருந்து திரும்பி வருவேனான்னு இப்ப எனக்கே தெரியல.” குரல் உயரவில்லை. அதனாலேயே டுவைட் அதை நம்பினார்.

நிபந்தனையைத்தான் நம்பினார், காரணத்தை நம்பவில்லை. வியாழனும் வெள்ளியும் இரண்டு துறைமுகங்களில் நடீன் தனியே இறங்கினார். டுவைட் கப்பலிலேயே இருந்து, அறைப் பணியாளரிடமும், மது பரிமாறுபவரிடமும், நடன ஆசிரியையிடமும் மழையைப் பற்றிப் பேசுவதுபோல் பேச்சுக் கொடுத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. எதுவுமே கிடைக்காதது அவருக்கு மிக ஒழுங்காகப் பட்டது. சனிக்கிழமை நீச்சல் குளத்தோரம் லைலைப் பிடித்து, அடுத்த வாரமும் கப்பலில் இருப்பீர்களா என்று நேரடியாகக் கேட்டார். லைல் நாளை இறங்குவதாகவும், பேத்திக்குத் திருமணம் என்றும் சொல்லி, அழைப்பிதழைக் கைப்பேசியில் காட்டினார். “ஏன் சார், உங்களுக்கு ஆடச் சோடி வேணுமா? உங்க வீட்டம்மாகிட்டயே கத்துக்குங்க. நல்லா ஆடுறாங்க.”

அங்கிருந்து டுவைட் பதிவு மேசைக்குப் போனார். அந்த உள்ளறையில் இரண்டாவது படுக்கை காலியாக இருப்பதாக மேசைப் பெண் திரையைப் பார்த்துச் சொன்னார். கணவர் என்பதால் தடையேதும் இல்லை, மாலை ஆறு வரை அவர் பெயரில் நிறுத்தி வைக்கலாம் என்றும் சொன்னார். டுவைட் நிறுத்தி வைக்கச் சொன்னார்.

அந்த மாலையைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். ஒவ்வொரு விசாரணைக்கும் அலுவலகம் ஒரு கெடு வைத்திருக்கும். கெடுவுக்குள் சான்று கிடைக்காவிட்டால், மனம் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் கேட்டதை வழங்கிக் கோப்பை மூட வேண்டும். முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு அப்படிக் கையெழுத்திட்டிருக்கிறார். அவர்களில் சிலர் ஏமாற்றுக்காரர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது மேசைக்குப் போய், படுக்கை வேண்டாம் என்றார்.

ஞாயிறு காலை தம் பெட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்திருந்தால் மாடத்தில் நடீனுடன் யார் நிற்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கியிருப்பேன் என்று சொன்னார்.

அந்த வாரம் அவர் வீட்டு வாசலில் புல் இரண்டு முறை வெட்டப்பட்டது. கைப்பேசியை எங்கள் வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் செயலியை அவரால் திறக்காமல் இருக்க முடியவில்லையாம்.

அடுத்த ஞாயிறு பதினொன்றரைக்கு வாடகைக் கார் வந்து நின்றது. நடீனின் தோள்கள் வெயிலில் சிவந்திருந்தன. மணிக்கட்டில் டுவைட் அதுவரை பார்த்திராத நீலக் கயிறு ஒன்று கட்டியிருந்தது. கடையில் வாங்கியதல்ல, கையால் முடிந்தது. டுவைட்டின் கண் அதில் விழுந்ததை நடீன் பார்த்தார். பெட்டியின் கைப்பிடியை விடாமல் வாசலிலேயே நின்றார். கார் கிளம்பிப் போயிற்று.

டுவைட் கையை நீட்டினார். “துவைக்க வேண்டியதெல்லாம் எந்தப் பையில இருக்கு?”

நடீன் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.