பசுந்தாங் வரிசை

பர்மாவின் யாங்கோன் நகரம் இன்னும் புயலிலிருந்தே எழவில்லை. அதற்குள் புதிய அரசியல் சட்டத்துக்கு மக்கள் வாக்கெடுப்பு. நகரின் பசுந்தாங் பகுதியில் கூரை பறந்துபோன பள்ளிக்கூடத்தின் முன் எங்கள் வெளிநாட்டுப் பார்வையாளர் குழு இறங்குகிறது. வாசலில் நீண்ட வரிசை. அதில் கைலிக்கடை பாய் ஒருவர் தமிழில் நலம் விசாரிக்கிறார். நம்மூர் ஞாபகத்தில் விரலைக் காட்டி, "ஓட்டுப் போட்டா இங்கேயும் மை வைப்பாங்களா, பாய்?" என்று கேட்கிறேன்.

வாசலில் நிற்கும் தேர்தல் அதிகாரி எங்களையே பார்க்கிறார். சிரித்த முகம் மாறாமல் பாய் சொல்கிறார்: "எங்க ஓட்டையெல்லாம் முந்தாநாளே வார்டு ஆபீஸ்ல அவங்களே போட்டுட்டாங்க, தம்பி."

குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். "அப்போ எதுக்கு நிக்கிறீங்க?"

"நீங்க பாக்கத்தான். சீக்கிரம் பாத்துட்டுக் கிளம்புங்க, கடை தொறக்கணும்."